கீழே யாரும் இல்லை

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில் நாங்கள் இருக்கவில்லை. இது புதிர் அல்ல. குடிவந்த அன்றே வீட்டுக்கார அன்ரி எங்களுக்குச் சொல்லித்தந்த சட்டம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்தத் தெருவில் பேஸ்மென்றை வாடகைக்குக் கொடுக்க அனுமதி கிடையாது. அனுமதி இல்லையே என்று கொடுக்காமல் விட்ட ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. எங்கள் சனத்தில் பாதிப்பேர் நிலத்துக்கு மேலே இருந்தார்கள், மீதிப்பேர் நிலத்துக்குக் கீழே இருந்தார்கள். கீழே இருந்தவர்கள் இல்லாதவர்கள்.

"ஆர் வந்து கேட்டாலும் கீழ ஆக்கள் இல்லை. விளங்குதே பிள்ளை?" என்றார் அன்ரி. "பொலிஸ் கேட்டாலும் இல்லை, நகரசபைக்காரன் கேட்டாலும் இல்லை, தபால்காரன் கேட்டாலும் இல்லை."

"கடவுள் வந்து கேட்டா?" என்றார் என் கணவர்.

"அவருக்குத் தெரியும் தானே. அவர் ஏன் கேக்கிறார்?"

அன்ரி கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் எங்களுக்குத்தான் இறங்கும். நான் வேலைக்குப் போகும் நாட்களில் என் மகளைத் தன் பேரப்பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார். ஆனால் சீருடை போட்ட ஒரு மனிதன் வாசலில் நின்றால் அவர் முகம் கல்லாகிவிடும். ஊரில் ஒரு சுற்றிவளைப்பின்போது ஆமிக்காரர் வந்து வீட்டில் வேறு யார் என்று கேட்டிருக்கிறார்கள். அன்ரியின் தம்பி கூரைக்கும் பலகைத்தட்டுக்கும் நடுவே படுத்திருக்கிறான். அன்ரி அவர்களின் கண்ணைப் பார்த்து "ஒருத்தரும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். தம்பி இப்போது ஜெர்மனியில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான். அந்த ஒரு பொய் எவ்வளவு பெறுமதியானது என்று அன்ரிக்குத் தெரியும்.

பேஸ்மென்றுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று வீட்டுக்குள்ளிருந்து இறங்கும் படிகளின் தலைப்பில் இருந்த கதவு. அதன் கொளுக்கி மேல்பக்கம், அன்ரியின் குசினிப் பக்கம் இருந்தது. மற்றது வீட்டின் பக்கவாட்டில், கராஜ் சுவரோடு ஒட்டினாற்போல இருந்த கதவு. எங்கள் போக்குவரத்து அதனால்தான். ஒரேயொரு ஜன்னல், நிலமட்டத்தில், சப்பாத்துப் பெட்டி அளவில். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று அதற்கு உள்ளே ஈயத்தாள் ஒட்டி, மேலே போர்வையும் தொங்கவிட்டிருந்தோம். சப்பாத்துகளை வெளியே விடக்கூடாது. பனிக்காலத்துக்கென்று தனிச் சட்டம் ஒன்று இருந்தது. அதை இயற்றியவர் அன்ரியின் கணவர், அங்கிள்.

"பக்கப் பாதையிலை நடந்து வந்தா, வந்த கையோட பனியைச் சவளாலை அள்ளிப்போட வேணும். கால் அடையாளம் கிடந்தா உள்ளுக்கை எத்தினை பேர் எண்டு அவன் எண்ணிப்போட்டுப் போவான்."

ஆகவே என் கணவர் ஒவ்வொரு காலையும் இரவு வேலை முடிந்து வந்து, கதவைத் திறக்க முன்னர், தன் கால்தடத்தைத் தானே அள்ளி ஓரமாகக் கொட்டுவார். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு முழுவதும் நின்ற மனிதர். எனக்கு அதைப் பார்க்க ஆத்திரம் வரும். வாடகை கொடுத்து இருக்கிறவர் கள்ளன் மாதிரித் தடயத்தை அழிக்கிறாரே என்று. சொன்னால் "சும்மா இரும், தேகாப்பியாசம்" என்பார்.

இவ்வளவு ஒளித்து வாழ்ந்த வீட்டுக்கு எதிரே, தெருவின் மறுபக்கம் என்ன இருந்தது தெரியுமா? தீயணைப்பு நிலையம். உயரமான இரண்டு கதவுகள், அவற்றுக்குப் பின்னால் மூக்கை நீட்டிக்கொண்டு இரண்டு சிவப்பு வண்டிகள். கோடையில் அவர்கள் வண்டியை வெளியே விட்டு, மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல அக்கறையாகக் கழுவுவார்கள். என் மகள் அன்ரியின் முன்ஜன்னலில் நின்று கையசைப்பாள், அவர்களும் அசைப்பார்கள். அன்ரி அவளை இழுத்து உள்ளே விடுவார்.

"கை காட்டாதேங்கோ செல்லம். சிநேகிதமாகிப் பிறகு வீட்டை வந்திடுவாங்கள்."

உலகத்தில் எந்த நேரமும் உதவிக்கென்று உடுத்திக்கொண்டு காத்திருக்கும் மனிதர்கள் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்தார்கள். நாங்கள் அவர்களுக்குத்தான் எல்லோரையும் விட அதிகமாக ஒளித்தோம். ஏனென்றால் அவர்கள்தான் எல்லோரையும் விடக் கிட்ட இருந்தார்கள்.

வண்டி வெளிக்கிடும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும், கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். வந்த புதிதில் என் கணவர் பகல் நித்திரையில் திடுக்கிட்டு எழும்பி, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றிவிடுவார், ஓடுவதற்கு. எங்கே ஓடுவது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே இருப்பார். பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டார். ஒரு வருடத்தில் எந்தச் சத்தத்துக்கும் எழும்பாத மனிதராகிவிட்டார். சைரன் அடிக்கும், கட்டில் நடுங்கும், அவர் குறட்டை விடுவார். பாவம், நல்லாய் நித்திரை கொள்ளுகிறார் என்று எனக்குச் சந்தோஷம்.

என் மகள் ஆங்கிலத்தில் பேசிய முதல் முழு வசனத்தையும் அந்த வீட்டில்தான் கேட்டேன். அவளுக்கு நாலு வயது ஆகவில்லை. கீழே யாரும் இல்லை என்பதை அன்ரி ஆங்கிலத்தில் பாடமாக்கிக் கொடுத்திருந்தார். ஆராவது வந்து கேட்டால் என்ன சொல்லவேண்டும்? "நோபடி டவுன்ஸ்ரெயர்ஸ்." இன்னொருக்கால் சொல்லுங்கோ. "நோபடி டவுன்ஸ்ரெயர்ஸ்." பிழையில்லாமல் சொன்னால் ஒரு கிறீம் பிஸ்கற். அன்று மாலை அவள் எங்கள் முன்னால் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்காட்டினாள். அவளுடைய அப்பா கைதட்டினார். "என்ர பிள்ளையின்ர இங்கிலிசைப் பாரும், வெள்ளைக்காரப் பிள்ளை தோத்துப்போம்" என்றார். சிரித்தோம். தகப்பன் இல்லை என்று மகள் சொல்ல, தகப்பன் கைதட்டினார்.

அந்த இலையுதிர்காலத்தில் தீயணைப்புக்காரர்கள் வந்தே விட்டார்கள். கூப்பிட்டவர் பக்கத்து வீட்டுக்காரர், காரணம் செத்தல் மிளகாய். அன்ரி தூள் வறுக்காவிட்டால் அவருக்கு மாதம் முடியாது. யாழ்ப்பாணத்துத் தூள் என்றால் மிளகாயும் மல்லியும் கறுப்பாகாமல் கருஞ்சிவப்புக்கு வரும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்கவேண்டும், அதைக் கடையில் வாங்க முடியாது என்பது அவருடைய வேதம். சட்டியிலிருந்து எழும்பிய புகையில் வீட்டின் புகைமணி அலறியது. அதைத் துவாயால் விசிறி அணைக்கப் பார்த்து, முடியாமல், எல்லா ஜன்னலையும் திறந்தார். தெரு முழுவதும் இருமியது. எதிரே இருந்த பெரிய கதவு உயர்ந்தது. வண்டி சைரன் அடித்துக்கொண்டு புறப்பட்டு, தெருவைக் கடந்து, எங்கள் வாசலில் நின்றது. நடந்து வந்திருந்தாலும் அவ்வளவு நேரம்தான் எடுத்திருக்கும்.

அன்று எனக்கு லீவு, மகள் மட்டும் மேலே அன்ரியோடு நின்றாள். கீழே, நித்திரையாய்க் கிடந்த என் கணவரின் அருகில் இருந்தபடி எல்லாவற்றையும் கூரைக்குக் கீழிருந்து கேட்டேன். கனத்த சப்பாத்துகள் எங்கள் தலைக்கு மேலே நடந்தன. சப்பாத்துக்காரர் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள். நெருப்பைக் கண்டு பின்வாங்காத மனிதர்களை எங்கள் மிளகாய் பின்வாங்க வைத்தது என்று பிறகு அங்கிள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் கேட்டது வேறு. ஒரு கரகரத்த குரல், வயதானவருடையதாக இருக்கவேண்டும், கேட்டது: கீழே யார் இருக்கிறார்கள்?

"நோபடி" என்றார் அன்ரி.

"நோபடி டவுன்ஸ்ரெயர்ஸ்" என்றாள் என் மகள், தெளிவாக, பிஸ்கற்றுக்குக் காத்திருக்கிற குரலில்.

அந்த மனிதர் சிரித்தார். சப்பாத்துகள் எங்கள் படித்தலைப்புக் கதவு வரை வந்து நின்றன. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் கணவர் குறட்டை விட்டுவிடுவாரோ என்று அவர் வாயருகே கையைக் கொண்டுபோனேன். அப்படி ஒரு காரியம் செய்ததை நினைக்க எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆமிக்கு ஒளித்த நாட்டிலிருந்து வந்து, உதவி செய்ய வந்தவனுக்கு ஒளிந்துகொண்டு, கட்டின புருஷனின் மூச்சைப் பொத்தப் பார்த்தேன். சப்பாத்துகள் திரும்பிப் போயின. போகும்போது மேல்தளத்தில் புதிய புகைமணி ஒன்றைப் பூட்டிவிட்டு, கீழேயும் ஒன்று பூட்டவேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அன்ரி வேண்டாம் என்றுவிட்டார். ஆட்களே இல்லாத இடத்துக்கு மணி எதற்கு?

அதற்குப் பிறகு தூள் வறுப்பது கராஜுக்குப் போனது. அங்கிள் காஸ் அடுப்பு ஒன்று வாங்கி, பழைய மெத்தைகளுக்கும் மட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மேசையில் அதை வைத்தார். கராஜில் மணி இல்லை, அயலவருக்குப் புகை போகாமல் கதவையும் கீழே இறக்கிவிடலாம். நல்ல மூளை என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் சட்டி காய்ந்தால் இந்தப்பக்கம் எங்கள் தலையணை மிளகாய் மணத்தது. சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், இளஞ்சூடாக இருப்பதுபோலத் தோன்றும். எங்கள் வெளிவாசல் அந்தச் சுவரோடு இருந்தது. உள்வாசலின் கொளுக்கி மேலே இருந்தது.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அன்ரி, அவர் பகலிலை படுக்கிற நேரம் மேல் கதவைக் கொளுவாமல் விடுங்கோவன்."

"விடலாம் பிள்ளை. ஆரும் திடீரெண்டு வந்து கதவைத் திறந்து பாத்தா?"

"அப்ப அடுப்பை எண்டாலும் கவனமாப் பாருங்கோ."

"நான் அடுப்பு மூட்டத் தொடங்கேக்கை நீர் பிறக்கேல்லை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் மனம் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் பஸ்ஸால் இறங்கினால் என் கண் முதலில் எங்கள் வீட்டுக்குப் போகாது, தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போகும். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சிவப்பு மூக்குகளும் தெரிந்தால், இன்றைக்கு ஒன்றுமில்லை என்று நடப்பேன்.

அது மாசி மாதம். முதல்நாள் பின்னேரம் தொடங்கிய பனி விடியும்வரை கொட்டியது. நான் பேக்கரி வேலைக்காக விடியமுன்னரே புறப்பட்டேன். மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு உள்படியால் ஏறி, அன்ரியிடம் கொடுத்துவிட்டு, பக்கக் கதவால் வெளியே போனேன். என் தடத்தை அள்ள வேண்டியிருக்கவில்லை, எனக்குப் பின்னாலேயே பனி அதை மூடிக்கொண்டு வந்தது. பாண் பெட்டிகளை அடுக்கும்போது ஜன்னலால் பார்த்தேன், பனி விட்டு வெளித்திருந்தது. இந்நேரம் அவர் வந்து படுத்திருப்பார் என்று நினைத்தேன்.

மதியம் கடந்து பஸ்ஸால் இறங்கினேன். நிலையத்தின் இரண்டு கதவுகளும் உயர்ந்திருந்தன. உள்ளே வண்டிகள் இல்லை. எங்கேயோ தூரத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மிளகாய் மணம் வந்தது. மற்றவர்கள் நம்பமாட்டார்கள், எனக்கு முதலில் வந்தது எரிச்சல். திரும்பவும் தூள் வறுத்து இந்த அன்ரி மானத்தை வாங்கப்போகிறார் என்று. இரண்டு வண்டிகளும் எங்கள் வாசலில் நின்றன. கராஜிலிருந்து வந்த புகை அன்றைக்குப் போல நீலமாக இல்லை, கறுப்பாக இருந்தது. அதற்குள்ளே நெருப்பு நின்றது.

ஓடினேன். தெருவின் நடுவிலேயே ஒரு பொலிஸ்காரர் கையை விரித்து மறித்தார். அவருடைய தோளுக்கு மேலால் அன்ரி தெரிந்தார். பக்கத்து வீட்டு வாசலில், பனிக்குள்ளே, அங்கிளின் செருப்போடு நின்றார். இடுப்பில் என் மகள். பிள்ளை இருக்கிறாள். அவர்?

வயதான தீயணைப்பு வீரர் ஒருவர் அன்ரியின் முகத்துக்கு நேரே குனிந்து ஏதோ கேட்டார். அன்ரி தலையை இடமும் வலமும் ஆட்டினார். அவர் பிறகு என் மகளின் பக்கம் குனிந்தார். அவள் வாய் அசைந்தது. வண்டி இயந்திரங்களின் இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"உள்ளுக்கை ஆள் இருக்கு" என்று கத்தினேன். "கீழ. அவர் கீழ படுத்திருக்கிறார்." நான் தமிழில் கத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ இங்கிலீஷ் வகுப்புக்குப் போனவள், அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. பொலிஸ்காரரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, விரலால் நிலத்தைக் காட்டினேன். கீழே, கீழே என்று. அவர் என் காலடிப் பனியைப் பார்த்தார். நான் எதையோ தவறவிட்டுவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

அந்த வயதானவர் அன்ரியை விட்டு நகர்ந்தார். மற்றவர்கள் கராஜுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டின் பக்கவாட்டுக்கு நடந்து, பாதை தொடங்கும் இடத்தில் நின்றார். நிலத்தைப் பார்த்தார். சற்றுக் குனிந்து பார்த்தார். பிறகு கையை உயர்த்திக் கத்திக்கொண்டு ஓடினார். இரண்டு பேர் கோடரியோடு அவருக்குப் பின்னால் ஓடினார்கள்.

அன்று காலை என் கணவர் அங்கிளின் சட்டத்தை மீறியிருந்தார். இரட்டை வேலை செய்துவிட்டு வந்தவர், சவளைத் தொடாமல், அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பனி விட்டபிறகு வந்தவர். ஒருவரும் மிதிக்காத வெள்ளைப் பாதையில் ஒரு பெரிய சோடிச் சப்பாத்தின் தடங்கள் கதவை நோக்கிப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

கதவு உடையும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. இரண்டு பேர் அவரைக் கையிலும் காலிலும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாரம் கட்டியிருந்தார். பனியில் அவரைக் கிடத்தினார்கள். அவர் இருமினார். அந்த இருமலைப்போல ஒரு இனிய சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பொலிஸ்காரர் அதன்பிறகுதான் என்னை விட்டார்.

அம்புலன்ஸின் பின்படியில் அவரை இருத்தி, முகத்தில் ஒட்சிசன் மூடியைப் பூட்டி, போர்வையால் சுற்றினார்கள். முகம் முழுவதும் கரி. நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வெறுங்கால், ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அன்ரி மகளோடு வந்தார்.

"அடுப்பை விட்டிட்டு போன் எடுக்கப் போனன் பிள்ளை. திரும்பி வரேக்கை மட்டைப்பெட்டி பத்துது. இவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திட்டன்." மூச்சு வாங்கினார். "அவன் கேட்டான், உள்ளுக்கை வேறை ஆர் எண்டு. எனக்குத் தெரியும், இவர் கீழ கிடக்கிறார் எண்டு தெரியும். சொல்ல வாய் திறக்கிறன், இல்லை எண்டுதான் வருது. ரெண்டாம்தரம் கேட்டான். அப்பவும் இல்லை எண்டுதான் வந்திது. என்ர வாய் எனக்குச் சொல்வழி கேக்கேல்லை பிள்ளை."

எனக்கு அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மகளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அந்த வயதான வீரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். நரைத்த மீசை, வியர்வை. அவர் பேசியதும்தான் அடையாளம் கண்டேன், கூரைக்குக் கீழிருந்து நான் கேட்ட அதே கரகரத்த குரல். அன்ரியைப் பார்த்து ஒரு குறையும் சொல்லவில்லை. என் கையிலிருந்த மகளின் முகத்துக்கு நேரே குனிந்து, கரிபடிந்த விரலால் என் கணவரைக் காட்டி, அன்பாகக் கேட்டார்: இது யார், உன்னுடைய அப்பாவா?

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அந்தச் சீருடையைப் பார்த்தாள். பிறகு அன்ரியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. அன்ரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், அவரிடமிருந்து ஒரு தலையசைப்பும் வரவில்லை.

"நோபடி" என்றாள் என் மகள்.

ஒட்சிசன் மூடிக்கு மேலே என் கணவரின் கண்கள் அவளைப் பார்த்தபடியே இருந்தன. கைதட்டிய அதே கைகள் போர்வைக்குள் கிடந்தன. வீரர் என் கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவளுடைய தலையைத் தொட்டுவிட்டு வண்டிப்பக்கம் நடந்தார்.

"அப்பா எண்டு சொல்லு" என்றேன் நான். "அப்பா எண்டு சொல்லு பிள்ளை. இனி சொல்லலாம்."

அவள் சொல்லவில்லை. அந்த மனிதர் நடந்துபோய், வண்டிக்கு மறுபக்கம் மறையும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டதை நிச்சயப்படுத்திக்கொண்டபிறகுதான் என் கையிலிருந்து குனிந்தாள். அப்பாவின் காதுக்குள் வாயை வைத்து, வேறு ஒருவருக்கும் கேட்காமல், "அப்பா" என்றாள்.